8901234567890 யாருடைய எண்?

மதுரை வில்லாபுரத்தில் என் சித்தி பொடி போட்டு விற்கிறார். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி என்று வீட்டுப் பின்கட்டில் ஆரம்பித்தது, இப்போது தனியாக ஒரு வாடகைக் கட்டடம், வறுக்க அரைக்க அடைக்க நான்கு அக்காமார்கள் என்று வளர்ந்திருக்கிறது. கீழமாசி வீதியில் பருப்பும் மிளகாயும் மொத்தமாக எடுத்து வருவது சித்தப்பா. பில், கணக்கு, கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் என் தலையில். அக்கம்பக்கத்து மளிகைக் கடைகளுக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்தபோது பார்கோடு என்ற பேச்சே எழவில்லை. கடைக்காரர் பாக்கெட்டைப் பார்ப்பார், விலையைப் பார்ப்பார், நோட்டில் எழுதிக் கூட்டுவார், முடிந்தது.

போன வருடம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு வைக்க ஒத்துக்கொண்டார்கள். கவரில் பார்கோடு கட்டாயம் வேண்டும் என்றார்கள். சரி என்று சிவகாசியில் புதுக் கவர் 5,000 அடித்தோம். பளபளவென்று நன்றாக வந்திருந்தது, பின்பக்கம் கீழ்மூலையில் கறுப்புக் கோடுகளும் அதன் அடியில் எண்ணும் அழகாக உட்கார்ந்திருந்தன. முதல் சரக்கை நானே ஆட்டோவில் கொண்டுபோனேன். பில்லிங்கில் இருந்த பெண் ஒரு பாக்கெட்டை எடுத்து ஸ்கேனரில் காட்டினார். 'பீப்' சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷம். அவர் திரையைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார், மறுபடி காட்டினார்.

"அண்ணே, இது பாத்திரம் தேய்க்கிற நாருன்னு வருதுண்ணே."

திரையைத் திருப்பிக் காட்டினார். நார், ஒன்று, 20 ரூபாய். எங்கள் இட்லிப் பொடிக்கு.

கவரில் இருந்த எண் 8901234567890. இப்போது பார்த்தவுடனே புரிகிறது, அன்றைக்குக் கண்ணில் படவில்லை. 890 என்று ஆரம்பித்து 1, 2, 3 என்று வரிசையாகப் போகிற எண். டிசைன் சாஃப்ட்வேரில் இப்படிக் கோடு இருக்கும் என்று காட்டுவதற்காகப் போடுகிற மாதிரி எண். அதே எண்ணை எங்களுக்கு முன்னால் நார் விற்கிற இன்னொருவரும் அப்படியே அச்சடித்து, அதே கடையில் சரக்கும் வைத்திருக்கிறார். கவர் வடிவமைத்தவரிடம் கேட்டபோது, "பார்கோடு வைக்கச் சொன்னீங்க, வச்சேன், ஸ்கேன் ஆகுதுல்ல?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். நாங்கள் கோடு கேட்டோம், கோடு கொடுத்தார். எங்கள் எண் எது என்று நாங்கள் சொல்லவேயில்லை. எங்களிடம் எண்ணே இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் ஊறுகாய் போடுபவர், அப்பளம் போடுபவர், சுங்குடிச் சேலையைப் பெட்டியில் வைத்து விற்பவர் யாராவது இருப்பீர்கள். உங்கள் கவர் பிரஸ்ஸுக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குத் தெரிந்திருந்தால் 5,000 கவர் தப்பித்திருக்கும்.

முதலில் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். எண் வேறு, கோடு வேறு. எண்தான் பொருளின் பெயர். கோடு என்பது அந்தப் பெயரை இயந்திரம் படிக்கும்படி எழுதிய எழுத்து. 'மதுரை' என்று தமிழில் எழுதினாலும் இந்தியில் எழுதினாலும் ஊர் ஒன்றுதானே, அதுபோல அதே எண்ணைக் கோடாக எழுதலாம், க்யூஆர் கோடு மாதிரியான சதுரப் புள்ளிக் குறியாக எழுதலாம், வாயால்கூடச் சொல்லலாம். கோடு கிழிந்து ஸ்கேனர் படிக்காதபோது பில்லிங்கில் இருப்பவர் அடியில் உள்ள எண்ணைத் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கோடு இல்லாமலே பில் விழுந்துவிடும். எண் இல்லாமல் வெறும் கோட்டால் ஒன்றும் ஆகாது.

அந்த எண்ணுக்குப் பொதுவான பெயர் ஜிடின், உலக அளவில் ஒரு வணிகப் பொருளுக்குத் தரப்படும் எண். நம்மூர் பாக்கெட்டுகளில் இருப்பது 13 இலக்க ஜிடின், பழக்கத்தில் ஈஏஎன் என்பார்கள். அமெரிக்காவில் 12 இலக்கம், யுபிசி என்பார்கள். சின்னஞ்சிறு பொருள்களுக்கு 8 இலக்கம் உண்டு. மொத்தமாக அடைத்த பெட்டிக்கு 14 இலக்கம். எல்லாம் ஒரே குடும்பம். 12 இலக்க அமெரிக்க எண்ணுக்கு முன்னால் ஒரு 0 போட்டால் அதுவே 13 இலக்க எண் ஆகிவிடும்.

இந்தக் குடும்பத்தில் மூத்தது அமெரிக்காவின் 12 இலக்கம்தான். 1974 ஜூன் 26 அன்று ஓஹியோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரின் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் முதல் பொருள் ஸ்கேன் ஆனது. ரிக்லி கம்பெனியின் ஜூசி ஃப்ரூட் சூயிங்கம், பத்து அடங்கிய பாக்கெட், விலை 67 சென்ட். ஆனால் யோசனை அதற்கு வெகு முன்பே பிறந்துவிட்டது. ஜோசப் உட்லண்ட் என்பவர் மயாமி கடற்கரை மணலில் உட்கார்ந்து, சிறுவயதில் சாரணர் படையில் கற்ற மோர்ஸ் குறியின் புள்ளியையும் கோட்டையும் விரலால் கீழே இழுத்துப் பார்த்திருக்கிறார், அவை மெல்லிய கோடும் தடித்த கோடும் ஆகிவிட்டன. அவரும் பெர்னார்ட் சில்வரும் காப்புரிமை வாங்கியது 1952இல். கம்ப்யூட்டர் நிறுவனமான ஐபிஎம்மில் ஜார்ஜ் லாரர் இப்போது நாம் பார்க்கிற வடிவத்தை உருவாக்க, 1973இல் அமெரிக்க மளிகைத் துறை அதைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த சில வருடங்களில் ஐரோப்பா ஒரு இலக்கம் கூட்டிப் 13 ஆக்கியது. அதைத்தான் நாமும் எடுத்துக்கொண்டோம்.

அந்தக் கூடுதல் இலக்கத்தை அவர்கள் சேர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கையெட்டும் தூரத்தில் இருக்கிற ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோடுகளின் அடியில் எண்ணைப் பாருங்கள். 8 மட்டும் இடப்பக்கம் கோடுகளுக்கு வெளியே தனியாக நிற்கும். அப்புறம் கோடுகளுக்குக் கீழே ஆறு எண், ஒரு இடைவெளி, மறுபடி ஆறு எண். இரண்டு ஓரத்திலும் நடுவிலும் மட்டும் இரண்டிரண்டு மெல்லிய கோடுகள் மற்றவற்றைவிட நீளமாகக் கீழே இறங்கியிருக்கும், அவை வேலிக்கால் மாதிரி, எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று ஸ்கேனருக்குச் சொல்பவை. மீதி ஒவ்வொரு எண்ணும் ஏழு சம பட்டைகளுக்குள் அடங்கிய இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை. எண்ணிப் பார்த்தால் 12 எண்ணுக்குத்தான் கோடு இருக்கிறது. வெளியே நிற்கிற அந்த 8க்குக் கோடே கிடையாது.

பிறகு ஸ்கேனருக்கு 8 எப்படித் தெரிகிறது? இடப்பக்கத்து ஆறு எண்களில் ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக எழுதலாம் என்று வைத்திருக்கிறார்கள். எந்த எண்ணை எந்த விதத்தில் எழுதியிருக்கிறது என்ற வரிசையைப் பார்த்தால், அந்த வரிசையே வெளியே நிற்கிற முதல் எண்ணைச் சொல்லிவிடும். எழுத்தைச் சொல்லாமல் உச்சரிப்பிலேயே இன்னொரு சேதியைச் சொல்வது மாதிரி. ஆறும் ஒரே விதத்தில் இருந்தால் முதல் எண் 0, அதாவது பழைய அமெரிக்கக் கோடு. பழைய கோடும் செல்லும், புதுக் கோட்டுக்கும் அகலம் கூடவில்லை. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட ராத்திரி வீட்டில் இருந்த சோப்பு, தேயிலை, ஊதுபத்தி எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, 13 எண்ணுக்குள் என்ன இருக்கிறது. முதல் மூன்று, 890, இந்தியாவில் இந்த எண்களை வழங்குகிற ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பின் முன்னொட்டு. அடுத்து நிறுவனத்துக்கு ஒதுக்கிய எண்கள். அதற்கடுத்து அந்த நிறுவனம் தன் பொருளுக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் எண். கடைசி ஒன்று சரிபார்ப்பு எண். நிறுவனப் பகுதி எத்தனை இலக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். 890ஐயும் சேர்த்துப் பத்து இலக்கம் நிறுவனத்துக்குப் போனால், பொருளுக்கு மிஞ்சுவது இரண்டு இலக்கம், 00 முதல் 99 வரை நூறு பொருள். ஒன்பது இலக்கம் போனால் ஆயிரம் பொருள். எங்களுக்கு நூறே தாராளம்.

இந்த 890ஐ வைத்து வாட்ஸ்அப்பில் ஒரு சேதி வருடா வருடம் சுற்றுகிறது. 890 இருந்தால் இந்தியாவில் செய்தது, 690 முதல் 699 வரை இருந்தால் சீனாவில் செய்தது, பார்த்து வாங்குங்கள் என்று. எங்கள் தெருக் குழுவிலும் வந்தது. எண்கள் சரி, அர்த்தம் தப்பு. அந்த முன்னொட்டு, எண்ணை வாங்கிய நிறுவனம் எந்த நாட்டு அமைப்பில் பதிவு செய்தது என்பதை மட்டுமே சொல்லும். இந்திய நிறுவனம் ஒன்று சரக்கை வெளிநாட்டில் செய்து வாங்கித் தன் பெயரில் விற்றாலும் 890தான். சிங்கப்பூரிலிருந்து உறவுக்காரர்கள் கொண்டுவரும் சாமானில் 888 பார்த்திருக்கிறேன், மலேசியச் சாமானில் 955, இலங்கை பிஸ்கட்டில் 479. அவையும் அப்படித்தான். எங்கே செய்தது என்று தெரிய வேண்டுமானால் பாக்கெட்டில் எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள்.

புத்தகத்துக்கு நாடே கிடையாது, 978 அல்லது 979 என்று ஆரம்பிக்கும். அதன் ஐஎஸ்பிஎன் எண்ணே அப்படியே 13 இலக்க ஜிடினாகவும் நடக்கிறது.

கடைசி இலக்கத்துக்கு வருகிறேன், எங்கள் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. சரிபார்ப்பு எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு பேனா போதும். முதல் 12 எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் என்று ஒற்றைப்படை இடத்தில் இருப்பவற்றைக் கூட்டுங்கள். எங்கள் கவரில் இருந்த எண்ணில் அது 8+0+2+4+6+8, ஆக 28. இரட்டைப்படை இடத்தில் இருப்பவை 9+1+3+5+7+9, ஆக 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டையும் கூட்டினால் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறது? ஒன்றும் குறையவில்லை. எனவே கடைசி எண் 0. கவரிலும் 0தான்!

அதாவது அந்த மாதிரி எண் கணக்குப்படி முழுக்கச் சரியான எண். அதனால்தான் ஸ்கேனர் தயங்காமல் 'பீப்' போட்டது. சரிபார்ப்பு எண் சொல்வது, எண்ணைப் படித்ததில் தட்டியதில் பிழையில்லை என்பதை மட்டும். ஒரு இலக்கம் மாறினால் கண்டிப்பாகப் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும், 34ஐ 43 என்று தட்டினால் கடைசி எண் 0க்குப் பதில் 8 வந்து காட்டிக்கொடுத்துவிடும். வித்தியாசம் சரியாக ஐந்தாக இருக்கிற இரண்டு எண்கள், 1ம் 6ம் மாதிரி, இடம் மாறினால் மட்டும் தப்பித்துவிடும். ஆனால் அந்த எண் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் கோட்டுக்கும் தெரியாது, ஸ்கேனருக்கும் தெரியாது. அது பதிவேட்டில் இருக்கிற விஷயம். பத்திரத்தின் கையெழுத்து அழகாக இருப்பதாலேயே நிலம் நமதாகிவிடுமா?

மலிவாகப் பார்கோடு விற்கிறோம் என்று இணையத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சித்தப்பா அதில் ஒன்றைக் காட்டி, "இதுல வாங்கிரலாமாப்பா, உடனே தர்றாங்களாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். அங்கே கிடைப்பது வேறொரு நிறுவனத்தின் பெயரில் வாங்கிய எண்ணாக இருக்கும். ஜிஎஸ்1 தளத்தில் ஒரு எண்ணைத் தட்டினால் அது யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும், பெரிய கடைகளும் இணையச் சந்தைகளும் அதில் தட்டிப் பார்க்க முடியும். நம் பொடியின் எண்ணைத் தட்டினால் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பெயர் வருவதற்கா இத்தனை பாடு? ஜிஎஸ்1 இந்தியாவிலேயே பதிவு செய்தோம். எத்தனை பொருளுக்கு எண் வேண்டும், வருட விற்றுமுதல் எவ்வளவு என்பதைப் பொறுத்துக் கட்டணம், அப்புறம் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். நம் அளவுக்குச் சின்னச் செலவில்லைதான். ஆனால் எண் வந்த அன்று நான் தட்டிப் பார்த்தபோது சித்தியின் கடைப் பெயர் வந்தது. சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி இரண்டு முறை படித்தார்.

அச்சடித்த கவர்களில் 3,000க்கு மேல் மிச்சம் இருந்தது. தூக்கிப்போட மனம் வரவில்லை. புது எண்ணை ஸ்டிக்கராக அடித்துப் பழைய கோட்டின் மேல் ஒட்டினோம். மூன்று சாயங்காலம், வேலை முடிந்தபிறகு எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து. முதல் நாள் ஒட்டியதில் ஒரு கட்டு வீணானது, காரணம் ஸ்டிக்கர் கொஞ்சம் குறுகல், பழைய கோட்டின் ஓரம் இரண்டு இழை வெளியே எட்டிப் பார்த்தது. பார்கோட்டுக்கு இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை இடம் வேண்டும், அந்த இடத்தில் எது இருந்தாலும் ஸ்கேனர் அதையும் கோடு என்று எண்ணிக் குழம்பும். பழைய எண்ணே தெரிந்து நார் என்று பில் விழுந்தாலும் விழும். அடுத்த நாள் அகலமான ஸ்டிக்கர் வாங்கி வந்தோம். ஒட்டும்போது நகத்தால் நான்கு மூலையையும் தேய்க்கணும் என்று அக்காமார்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள், பொடிக் கவரில் எண்ணெய்ப் பசை ஏறியிருந்தால் மூலை தூக்கிக்கொள்கிறது.

அடுத்து புதுக் கவர் அடிக்கும்போது இன்னொரு ஆபத்து. டிசைனில் மிளகாய்ச் சிவப்பு நிறையப் போட்டிருந்தார்கள், கோட்டையும் அதே சிவப்பில் வெள்ளையின் மேல் வைத்தால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று காட்டினார்கள். கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. என் போன் அதைப் படித்தது. கடைக் கவுண்டரில் இருந்த சிவப்பு ஒளி ஸ்கேனர் படிக்கவேயில்லை. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை வெள்ளை மாதிரியே தெரியும், கோடு இருப்பதே அதற்குத் தெரியாது. கறுப்பு, கருநீலம், கரும்பச்சை மாதிரி நிறங்களை வெளிர் பின்னணியில் வைத்தால் வம்பில்லை. கோட்டைச் சுருக்குவதிலும் கவனம் வேண்டும். முழு அளவு சுற்றியிருக்கும் வெள்ளை இடத்தோடு 37.29க்கு 25.93 மில்லிமீட்டர், அதை 80 சதவீத அளவாகச் சுருக்கலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. இடம் போதவில்லை என்று உயரத்தை வெட்டுகிறார்கள், வெட்டினால் பில் போடுகிறவர் பாக்கெட்டை நாலு தடவை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்ப வேண்டியிருக்கும்.

இப்போது விலை. பார்கோட்டுக்குள் விலை இருக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், சித்தியும் அப்படித்தான் நினைத்திருந்தார், "விலை ஏத்துனா கோடு மாத்தணுமா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. கோட்டுக்குள் விலை கிடையாது, பொருளின் பெயரும் கிடையாது, காலாவதித் தேதியும் கிடையாது. வெறும் எண். கடைக் கம்ப்யூட்டர் அந்த எண்ணை வைத்துத் தன் பட்டியலில் தேடி இது இட்லிப் பொடி 200 கிராம், விலை இவ்வளவு என்று எடுக்கிறது. அதனால்தான் ஒரே எண் ஒரு கடையில் நார் ஆனது, பட்டியலில் அதைப் பதிவு செய்யாத கடையில் 'பொருள் இல்லை' என்று வரும். நம்மூரில் எம்ஆர்பி கவரிலேயே அச்சாவதால் பழைய சரக்கு ஒரு விலை, புதுச் சரக்கு ஒரு விலை என்று அலமாரியில் கலந்து நிற்கும். எண் ஒன்றே என்பதால் பில்லிங் திரையில் இரண்டு விலையும் வந்து எது என்று கேட்கும். பாக்கெட்டைத் திருப்பி எம்ஆர்பி பார்த்து அதைத் தட்டுவார்கள். அவசரத்தில் சில நேரம் மாறிவிடும், நீங்கள் வாங்குகிறவராக இருந்தால் பில்லை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

விலை உள்ளே இருக்கிற ஒரு வகையும் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் தக்காளியோ முந்திரியோ எடை போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்களே, அதன் எண் பெரும்பாலும் 2 என்று ஆரம்பிக்கும். 2இல் தொடங்குபவை கடைக்குள் மட்டும் புழங்க ஒதுக்கிய எண்கள். அதில் பொருளின் உள் எண்ணும், எடையோ விலையோ சேர்ந்து இருக்கும். அந்த ஸ்டிக்கரை இன்னொரு கடையில் காட்டினால் அர்த்தமே இல்லாமல் போகும்.

தேதி விஷயம் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சாப்பிடுகிற சாமான் காலாவதியாகியிருந்தாலும் கோட்டைப் பார்த்துக் கவுண்டர் தடுக்காது, ஏனென்றால் எல்லாப் பாக்கெட்டுக்கும் ஒரே எண். தேதியும் தொகுதி எண்ணும் சேர்ந்து உள்ளே போக வேண்டுமானால் சதுரப் புள்ளிக் குறிகள்தான் வழி. நம் நாட்டில் 300 மருந்துப் பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் அப்படி ஒரு குறி கட்டாயம் ஆகியிருக்கிறது, போனில் காட்டினால் மருந்தின் பெயர், தயாரித்தவர், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி எல்லாம் வரும். வீட்டில் பெரியவர்களுக்கு மாத்திரை வாங்குகிறவர்கள் ஒருமுறை காட்டிப் பாருங்கள். கடைக் கவுண்டர்களிலும் 2027 முடிவதற்குள் கோட்டோடு சதுரக் குறியையும் படிக்கிற ஏற்பாடு வர வேண்டும் என்று ஜிஎஸ்1 உலக அளவில் இலக்கு வைத்திருக்கிறது. பொடி மாதிரி சரக்குக்கு அது வந்தால் நான் முதல் ஆளாக மாறுவேன்.

ஒரு கவரில் எத்தனை எண்கள் பாருங்கள், இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் 14 இலக்கம், அது உணவு செய்கிற இடத்துக்கான உரிமம், பொருளின் எண்ணில்லை. ஹெச்எஸ்என் என்பது ஜிஎஸ்டிக்காகப் பொருள் வகையைச் சொல்வது, ஊரில் அந்த வகை செய்கிற எல்லாருக்கும் ஒன்றேதான். தொகுதி எண் அன்றைக்கு அரைத்த சரக்கின் அடையாளம். கடைக்காரர் தன் வசதிக்கு 'IP200' மாதிரி வைத்துக்கொள்வதை எஸ்கேயு என்பார்கள், அது அந்தக் கடைக்குள் மட்டும். ஒரு கடையில் எங்களிடம் 14 இலக்க எண் கேட்டபோது சித்தப்பா எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அவர்கள் கேட்டது பெட்டியின் எண்.

பெட்டிக்குத் தனி எண் உண்டு. 24 பாக்கெட் அடங்கிய அட்டைப்பெட்டியும் ஒரு வணிகப் பொருள். பாக்கெட்டின் எண்ணில் கடைசிச் சரிபார்ப்பு எண்ணை எடுத்துவிட்டு, முன்னால் 1 முதல் 8க்குள் ஒன்றைப் போட்டு, சரிபார்ப்பு எண்ணைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். பழைய மாதிரி எண்ணிலேயே போட்டுப் பார்த்தால் 18901234567897 என்று வரும். முன்னால் 1 வந்ததால் கடைசி 0, 7 ஆகிவிட்டது. இதைக் கணக்கிடாமல் வெறும் 1ஐ மட்டும் முன்னால் ஒட்டினால் கிட்டங்கியில் ஸ்கேனர் வாங்காது.

எக்ஸெல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் நான் ஒரு நாள் முழுக்க இழந்தேன். 13 இலக்க எண்ணைத் தட்டினால் அது 8.90123E+12 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் காட்டியதை மட்டும் எழுதும், மீதி இலக்கங்கள் போயே போய்விடும். மறுபடி திறந்தால் பன்னிரண்டு பொருளுக்கும் ஒரே எண், கடைசியில் எல்லாம் பூஜ்யம். எண் 0இல் ஆரம்பித்தால் அந்த 0வையும் தின்றுவிடும். தட்டுவதற்கு முன்னாலேயே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். ஜிடின் பார்க்க எண் மாதிரி இருந்தாலும் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை, அது பெயர்.

பெயர் என்று நினைத்துக்கொண்டால் மற்ற விதிகளும் தானாகப் புரிகின்றன. இட்லிப் பொடி 100 கிராம் ஒரு எண், 200 கிராம் இன்னொரு எண், பூண்டு போட்டது வேறு, போடாதது வேறு. வாங்குகிறவருக்கு எது வேறு பொருளோ அதற்கு வேறு எண். போன மாதம் டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவர் திருவிழாவுக்கு 200 கிராமோடு 20 கிராம் இலவசம் என்று போடலாமே, அதே கவரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்றார். நான் வாய் திறப்பதற்குள் சித்தி சொன்னார்: "எடை மாறுதுல்ல தம்பி, அதுக்குத் தனி நம்பர் வேணும். வெள்ளனவே சொன்னாத்தான் கவர் அடிக்க முடியும்."

சித்தி இதற்கென்று ஒரு நீளக் கணக்கு நோட்டு போட்டிருக்கிறார். கம்ப்யூட்டரில் நான் வைத்திருப்பது தனி, இது அவருடையது. இடப்பக்கம் பொருள், எடை, நடுவில் 13 எண்ணையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, வலப்பக்கம் கொடுத்த தேதி. இருபதுக்கு மேல் வரி நிறைந்துவிட்டது. எள்ளுப் பொடி 500 கிராம் போகவில்லை என்று நிறுத்தினோம், அந்த எண் சும்மாதானே கிடக்கிறது, கொள்ளுப் பொடிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கூடாது, 2019இலிருந்து விதி அப்படி, ஒரு பொருளுக்குக் கொடுத்துச் சந்தைக்குப் போன எண்ணை வேறு பொருளுக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்றேன். எங்கோ ஒரு கடைப் பட்டியலில் அது இன்னும் எள்ளுப் பொடியாகவே இருக்கும். சித்தி அந்த வரியை அடிக்கவில்லை, பக்கத்தில் சிவப்புப் பேனாவால் 'நின்றது' என்று எழுதினார். கீழே புது வரி போட்டுக் கொள்ளுப் பொடி 100 கிராம் என்று எழுதிவிட்டு, "அடுத்த நம்பரைச் சொல்லு" என்றார்.